கடைசிப் படகு போன பிறகு

முதல் நாள்

"நெடுந்தீவு அருகே மீன்பிடித்துக்கொண்டிருந்த ராமேஸ்வரம் மீனவர்கள் கைது." இந்த வரியைப் படிக்காமல் ராமநாதபுரத்தில் ஒருவன் வளர முடியாது. ஆள் எண்ணிக்கை மாறும், படகு எண்ணிக்கை மாறும், 'நெடுந்தீவு அருகே' மட்டும் மாறாது. யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே கடலில் இருக்கும் இலங்கைத் தீவு அது. எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரைக் கேட்டால் ஊர் ஞாபகம் வராது, அந்த 'அருகே'தான் வரும். அருகே இருப்பது என்ன என்று பார்க்கவே கிளம்பினேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து காலை பஸ். பண்ணைப் பாலம் தாண்டியதும் இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத் தண்ணீர். அதில் குச்சி நட்டு வலை கட்டிய மீன்பொறிகள். களங்கட்டி என்கிறார்கள். தண்ணீரை அறை அறையாகத் தடுத்த மாதிரி இருக்கிறது. வேலணை, அப்புறம் இன்னொரு நீளமான தாம்போதி (கடலுக்குள் போட்ட சாலைக்கு இங்கே அதுதான் பெயர்), அப்புறம் புங்குடுதீவு. வழியெல்லாம் பெரிய பெரிய கல்வீடுகள், பாதிக்கு மேல் ஆளில்லை. போரில் கிளம்பியவர்கள் டொரொண்டோவிலும் பாரிஸிலும் இருக்கிறார்கள். ஒரு வீட்டுக் கூரை வழியாக ஆலமரம் வெளியே வந்திருந்தது. பஸ்ஸில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சாலை குறிகாட்டுவான் துறையில் முடிகிறது. அங்கிருந்து நயினாதீவுக்கு ஒரு வரிசை, நெடுந்தீவுக்கு ஒரு வரிசை. நயினாதீவு வரிசையில் பட்டுச் சேலை, பூக்கூடை, வெள்ளை உடுத்திய சிங்களக் குடும்பங்கள். நெடுந்தீவு வரிசையில் சிமெண்டு மூட்டை, எரிவாயு சிலிண்டர், துளை போட்ட அட்டைப் பெட்டிக்குள் கீச்சிடும் கோழிக்குஞ்சுகள், பாண் (ரொட்டி) அடுக்கிய தட்டுகள், தினமும் போய்வரும் டீச்சர்மார். எனக்கு எந்த வரிசை என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

கடலில் ஒரு மணி நேரம். மேல்தட்டில் இடமில்லை, இயந்திரத்துக்குப் பக்கத்தில் கீழே உட்கார வைத்தார்கள். டீசல் வாடை, வெக்கை. ஆகஸ்ட் கடைசி ஆகியும் சோளகம் (தென்மேற்குப் பருவக் காற்று) ஓயவில்லை, அலை பக்கவாட்டில் அடித்தது. எதிரே இருந்த டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டே வந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு வந்தேன். அரை வழியில் அவர் கைப்பையிலிருந்து ஒரு தேசிக்காயை (நம்ம எலுமிச்சைதான்) எடுத்து நீட்டி, "மணந்து பாருங்கோ, சத்தி வராது" என்றார். வரவில்லை.

மாவிலித்துறையில் இறங்கியதும் கண்ணில் பட்டது நினைவுத் தூபி. 1985 மே 15 அன்று இந்தத் தீவிலிருந்து கிளம்பிய 'குமுதினி' படகை நடுக்கடலில் மறித்து, பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், கைக்குழந்தையும் அதில் உண்டு. பின்னால் அதே படகைச் சீர்செய்து, அதே பெயரில், அதே தடத்தில் ஓட்டினார்கள். வேறு என்ன செய்ய முடியும், தீவுக்குப் படகு வேண்டுமே. தூபியின் நிழலில் இரண்டு பேர் சிமெண்டு மூட்டைகளை இறக்கி வைத்துவிட்டு பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஓட்டோக்காரர்கள் சூழ்ந்தார்கள். எல்லோரிடமும் ஒரே கணக்கு: "ஒரு சுத்து சுத்திக் காட்டி ரெண்டரை போட்டுக்குக் கொண்டுவந்து விடுறன்." இரவு தங்கப்போகிறேன் என்றதும் ஒருவர் மட்டும் நின்றார்.

"தனியவோ வந்தனீங்கள் தம்பி? இந்தியாவோ?"

"ஆமாண்ணே. ராம்நாடு."

"ஓ. பக்கத்து ஊர்தான்." அவர் சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

இரண்டாம் நாள்

விடுதி என்று எழுதினால் பெரிதாகத் தோன்றும். ஒரு அக்கா வீட்டின் பக்கத்து அறை, அவ்வளவுதான். குளிக்கிற தண்ணீர் உவர், சோப்பு நுரைக்காது. குடிக்கிற தண்ணீர் நீலப் பிளாஸ்டிக் குடத்தில், மூடி போட்டு, குசினிக்குள். முதல் இரவே அக்கா இரண்டையும் காட்டிவிட்டார். "இது எதுக்கும் எடுக்கலாம். அது குடிக்க மட்டும்." வீட்டு விதிகள் அவ்வளவுதான்.

விடியற்காலை குதிரை பார்க்கப் போனேன். தீவின் மேற்குப் பக்கம் பூராவும் வெட்டவெளி. மண் என்று சொல்ல அதிகமில்லை, கடல் விட்டுப்போன சுண்ணாம்புப் பாறை, இடுக்குகளில் கருகிய புல். முதலில் மாடு என்றுதான் நினைத்தேன். தலையைத் தூக்கியபோதுதான் பிடரி மயிர் தெரிந்தது. ஒரு பத்துப் பன்னிரண்டு இருக்கும். செம்பட்டை, வெள்ளை, ஒன்று மட்டும் கருங்காலி நிறம். கல்யாண ஊர்வலத்துக் குதிரையைப் பார்த்த கண்ணுக்கு இவை குட்டையாகத் தெரிகின்றன, முதுகு என் மார்பு உயரம்தான் இருக்கும். விலா எலும்பை எண்ணலாம். இருபதடி வரை விட்டன, அதற்கு மேல் ஓர் அடி வைத்தால் அவையும் ஓர் அடி நகர்ந்தன. துரத்தவும் இல்லை, ஓடவும் இல்லை, அந்த இருபதடியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

போர்த்துக்கேயர் கொண்டுவந்தவை, ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) வளர்த்தவை என்பது தீவில் எல்லோரும் சொல்லும் வரலாறு. ஒல்லாந்தர் காலத்து லாயத்தின் தூண்கள் இன்னும் வரிசையாக நிற்கின்றன, கூரை போய்விட்டது. ஆங்கிலேயர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நோலன் என்ற லெப்டினன்ட் இங்கே குட்டி ராஜா மாதிரி இருந்து குதிரைப் பண்ணை நடத்தினார். எல்லோரும் போனார்கள். ஏற்றிப்போக யாரும் வராத குதிரைகள் காடாகிவிட்டன. கடும் கோடையில் தண்ணீரில்லாமல் சாகின்றன என்று ஆண்டுக்கொருமுறை பத்திரிகையில் படம் வரும். 2015இல் தீவின் ஒரு பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பூங்கா என்ற சொல்லை நம்பி யாரும் செடி கொடி தேடி வர வேண்டாம்.

திரும்பும் வழியில்தான் அந்தக் காரியம் நடந்தது. நெடுந்தீவில் வேலி என்றால் கல்வேலி. முள்கம்பி கிடையாது, கிடுகு கொஞ்சம்தான். கடலில் செத்த பவளம் கல்லாகிக் கிடக்கிறது, இங்கே முருகைக்கல் என்பார்கள். அதைப் பொறுக்கி இடுப்பளவுக்கு அடுக்கிவிடுகிறார்கள். சாந்து இல்லை, மண் பூச்சு இல்லை, கல் மேல் கல். வீட்டைச் சுற்றி, வயலைச் சுற்றி, ஆளே இல்லாத வெட்டவெளியையும் எதற்கென்று தெரியாமல் சுற்றி, மைல் கணக்கில் போகிறது. கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் வேலைப்பாடு. ஒன்றில் ஊசிமுனை நட்சத்திரங்கள் ஆயிரக்கணக்கில். ஒன்றில் மூளை மடிப்பு போல வளைந்து வளைந்து ஓடும் வரி, தொடங்கிய இடம் தெரியாத கோலம். இன்னொன்று தேன்கூடு. விரலால் தடவினால் வெள்ளைத் தூள் ஒட்டுகிறது, நாக்கில் வைத்தால் இன்னும் உப்பு. (வைத்தேன். யாரும் பார்க்கவில்லை.)

தேன்கூட்டுக் கல்லைப் படமெடுக்கச் சாய்ந்தேன். கால்வாசி வேலி சரிந்துவிட்டது.

அந்தப் பக்கம் பனம்பழம் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு ஆச்சி நிமிர்ந்து பார்த்தார். நான் அவசர அவசரமாகக் கல்லை எடுத்து அடுக்கினேன். நாலாவது கல் வைத்ததும் மூன்று விழுந்தன. ஆச்சி கடகத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தார்.

"விடு மோனை. நீ சும்மா வைக்கிறாய். கல்லுக்கும் ஒரு இருப்பு இருக்கு."

ஒரு கல்லை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். ஒரு பக்கம் வைத்தார், ஆடியது. திருப்பினார், ஆடியது. மூன்றாவது தடவை வைத்தபோது 'க்ளக்' என்று சின்னதாக ஒரு சத்தம். கையை எடுத்தார், அசையவில்லை. அந்தச் சத்தம் வருகிற வரைக்கும் திருப்ப வேண்டும் என்பதுதான் பாடம். கனமானதைக் கீழே வைக்கக் கூடாதா என்று கேட்டேன். கனத்தைப் பார்க்காதே, வயிற்றைப் பார் என்றார். கல்லின் குழிந்த பக்கம்தான் வயிறு. அது கீழ்க்கல்லின் முதுகில் உட்கார வேண்டும். அவர் ஏழு கல் வைக்கிற நேரத்தில் நான் இரண்டு வைத்தேன். ஒன்றைப் பிறகு எடுத்துச் சரியாக வைத்தார்.

"காத்து உள்ளால போகோணும். சாந்து பூசினா சோளகத்துக்கு விழுந்திடும். இது விழாது."

"நான் சாஞ்சதும் விழுந்துடுச்சே ஆச்சி?"

"காத்து உன்னை மாதிரிச் சாயாது."

கூலியாக ஒரு கடகம் பனம்பழம் சுமந்து அவர் வீடு வரை போனேன். முற்றத்தில் பினாட்டு போடும் வேலை. பழத்தைப் பிய்த்து, நாரோடு தண்ணீர் தெளித்துப் பிசைந்து, வழிந்த களியைப் பாயில் மெல்லிசாகப் பரப்பி வெயிலில் விட்டிருந்தார். அது காயக் காய மேலே இன்னொரு படை, அதற்கு மேல் இன்னொன்று. நிறம் மாம்பழம், வாசனை பனம்பழத்துக்கே உரியது. அந்த வாசனைக்கு உவமை தேடினேன், கிடைக்கவில்லை. ஈ விரட்ட ஒரு பேரன், கையில் ஓலை. கொட்டையை எறிவதில்லை, பாத்தியில் புதைத்துக் கிழங்கு எடுப்பார்கள். கிழங்கைக் காயவைத்தால் ஒடியல், இடித்தால் கூழுக்கு மா. ஒரு பழத்தை வைத்து ஒரு வருஷம் ஓட்டுகிறார்கள்.

பத்து மணிக்கு மேல் இன்றைய சுற்றுலாக்காரர்கள் வந்துவிட்டார்கள். நானும் அவர்களோடு ஒரு சுற்று போனேன். பார்த்தவை: பெருக்கமரம், ஆப்பிரிக்காவிலிருந்து அரபு வணிகர் கொண்டுவந்ததாம், உள்ளே பொந்து, ஐந்து பேர் நின்று செல்ஃபி எடுத்தோம். ஒல்லாந்தர் புறாக்கூடு, அஞ்சல் கொண்டுபோன புறாக்களின் குடியிருப்பு. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் முருகைக்கல் கோட்டை, இரண்டு மாடிச் சுவர் மிச்சம். 'வளரும் கல்', குங்குமம் வைத்து விளக்கேற்றுகிறார்கள். எந்த அளவு வளர்ந்திருக்கிறது என்று கேட்டேன், ஓட்டோ அண்ணன் தன் தோள் வரை கையைக் காட்டி, "நான் சின்னனில இங்க வரைக்கும்" என்றார். கல் வளர்ந்ததா அவர் வளர்ந்தாரா என்ற சிக்கலுக்குள் நான் போகவில்லை.

இரண்டரைக்குப் படகு எல்லோரையும் அள்ளிக்கொண்டு போனது. அதற்குப் பிறகுதான் தீவு தன் கதவைத் திறந்த மாதிரி இருந்தது. துறைக் கடைக்காரர் பலகையைச் சாத்திவிட்டுக் கடலில் இறங்கிக் குளித்தார். சாலை நடுவில் மாடுகள் படுத்தன. இந்தத் தீவுக்குப் பசுத்தீவு என்றும் ஒரு பெயர் உண்டு, மாலை நேரத்தில் அது பொருந்துகிறது. பையன்கள் பள்ளி மைதானத்தில் கிரிக்கெட் ஆடினார்கள், ஸ்டம்ப்பாக மூன்று முருகைக்கல். இருட்டிய பிறகு சத்தம் என்று எதுவும் இல்லை, பனம்பழம் விழும் 'தொப்'பைத் தவிர.

மூன்றாம் நாள்

இன்று திரும்ப வேண்டியது. காலை ஆறு மணிக்கே அக்கா வந்து, "போட் இல்லைத் தம்பி. இந்தக் காத்துக்கு வராது" என்றார். மத்தியானம்? "பாப்பம்." இந்தப் 'பாப்பம்' என்ற சொல்லுக்கு நெடுந்தீவில் இல்லை என்று அர்த்தம்.

எனக்கு ஒரு நாள் போனது, அவ்வளவுதான். எதிர்வீட்டில் ஒரு தாத்தாவுக்கு இன்று யாழ்ப்பாணத்தில் கண் ஆஸ்பத்திரித் தேதி. வேட்டி கட்டி, திருநீறு பூசி, கடதாசி உறையை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் ஒன்பது மணி வரை உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுந்து உள்ளே போய்ச் சாரம் மாற்றிக்கொண்டு மாட்டை அவிழ்த்தார். அடுத்த தேதி கிடைக்க எத்தனை மாதமோ.

துறையில் கடலுக்குப் போகாத மீனவர்கள் வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். ஓட்டோ அண்ணன் என்னை அறிமுகப்படுத்தினார், ஊர்ப்பெயரோடு. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருவர், என்னைவிட இரண்டு வயது மூத்தவராக இருக்கலாம், கையிலிருந்த வலையை என் பக்கம் விரித்துக் காட்டினார். நடுவில் ஆள் நுழையும் அளவு ஓட்டை.

"இது உங்கட றோலர்."

றோலர் என்றால் நம்ம விசைப்படகு. அதன் இழுவைமடி கடலின் அடியை வழித்துக்கொண்டு போகும். மீன், குஞ்சு, முட்டை, பாசி, வழியில் கிடக்கும் பிறத்தியார் வலை, எதுவும் மிஞ்சாது. 2017இல் இலங்கை அந்தத் தொழிலையே சட்டம் போட்டுத் தடை செய்தது. ராமேஸ்வரத்தில் இருந்து பார்த்தால் கைதாகிறவன் எங்கள் ஆள், கூலிக்கு ஏறியவன், வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கும். அதுவும் உண்மை. இந்த ஓட்டையும் உண்மை. கச்சத்தீவைப் பற்றி எங்கள் ஊரில் மேடை போட்டுப் பேசாத ஆளில்லை. நிர்வாகக் கணக்கில் அது இந்த நெடுந்தீவுப் பிரிவுக்குள் வருகிறது. அந்தோனியார் திருவிழாவுக்கு இரண்டு கரையிலிருந்தும் அங்கே போகிறோம், ஒரே பூசையில் நிற்கிறோம். கிழிந்த வலையை மட்டும் யாரும் எங்களுக்குக் காட்டவில்லை.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "பிடிங்கோ" என்று வலையின் ஒரு ஓரத்தைக் கையில் கொடுத்தார். இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அவர் ஊசி கோத்துப் பொத்தினார். ஒரு மணி நேரம் இருக்கும். அதன் பிறகு பிளேன்டீ வந்தது, எனக்கும் ஒன்று. மன்னிப்பு மாதிரியெல்லாம் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, அங்கே நின்ற எல்லோருக்கும்தான் வந்தது.

மத்தியானம் வெடியரசன் கோட்டை. கோட்டை என்று போனால் ஏமாற்றம்தான். புதருக்குள் வட்டமாக அடுக்கிய முருகைக்கல் அடித்தளங்கள், அவை பழைய பௌத்தத் தூபிகளின் அடி என்கிறார்கள் தொல்லியல்காரர்கள். ஊர்க்கதை வேறு. ஈழத்துக் கண்ணகி கோயில்களில் படிக்கிற கண்ணகி வழக்குரையில், கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடி மீகாமன் கப்பலேறி வருவான், வெடியரசன் மறித்துச் சண்டையிடுவான். அந்த வெடியரசன் ஊர் இது என்பது இவர்கள் நம்பிக்கை. மதுரையை எரித்த சிலம்பின் பரல் இந்தக் கடல் வழியாகப் போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். காற்று தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. தெற்கு முனையில் குயிந்தா கோபுரத்தடியில் நிற்கவே முடியவில்லை, மணல் கன்னத்தில் குத்தியது. கப்பல்களுக்கு அடையாளமாகக் கட்டியது. இப்போது அதன் நிழலில் ஆடுகள்.

வரும் வழியில் சாராப்பிட்டி நல்ல தண்ணீர்க் கிணறுகள். பவுசர் (தண்ணீர் லாரி) நிரப்பிக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் உப்பு, இந்த இடத்தில் மட்டும் மண்ணுக்கடியில் மழைநீர் மிதக்கிறது. அதிகம் இறைத்தால் உவர் மேலேறிவிடும் என்று ஓட்டோ அண்ணன் சொன்னார். குழாயில் ஒழுகிய தண்ணீருக்கு ஒரு மாடும் இரண்டு குதிரையும் நின்றன. இங்கே அந்த இருபதடி இல்லை. குதிரை என் கைமுட்டிக்குப் பக்கத்தில் தலை நீட்டிக் குடித்தது, என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை.

இரவு மின்சாரம் இரண்டு தடவை போனது. 2021இல் இந்தத் தீவுக்கும் நயினாதீவுக்கும் அனலைதீவுக்கும் சூரிய, காற்று மின்சாரம் அமைக்க ஒரு சீன நிறுவனத்தை இலங்கை தேர்ந்தெடுத்தது, இந்தியா ஆட்சேபித்தது, 2024இல் இந்திய மானியத்தில் செய்வதென்று கையெழுத்தானது. நாலாயிரம் பேர் சொச்சம் வாழும் தீவின் பல்புக்கு இரண்டு வல்லரசுகள். அக்கா மண்ணெண்ணெய் விளக்கைப் பற்றவைத்து, ஒடியல் கூழை ஊற்றினார். நண்டு, பயற்றங்காய், பலாக்கொட்டை, நாக்கை அறுக்கும் உறைப்பு. மூன்று கோப்பை.

நான்காம் நாள்

காற்று விழுந்தது. ஏழு மணிப் படகு. கிளம்பும்போது அக்கா தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தார். பினாட்டு. எனக்கில்லை, குறிகாட்டுவானில் கடை வைத்திருக்கும் அவர் தம்பிக்கு. "போஸ்டில போட்டா எப்ப போகுமோ. போற ஆக்களிட்ட குடுத்தாப் போயிடும்." எனக்கும் தனியாக ஒரு துண்டு தந்தார். கண் ஆஸ்பத்திரித் தாத்தாவும் படகில் ஏறினார், அதே உறை. தேதி முடிந்தாலும் போய்க் கேட்டுப் பார்க்கலாமே என்றார்.

குறிகாட்டுவானில் தம்பி கடை பூட்டியிருந்தது. காத்திருக்கும் நேரத்தில் நயினாதீவு போய் வந்துவிடலாம் என்று அடுத்த படகு ஏறினேன், இருபது நிமிடம்கூட இல்லை. நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் நடந்துபோகிற தூரத்தில். கூட்டத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எல்லாக் கோயில் கூட்டமும்தான். நான் போனது கோயிலில் உள்ள கல்வெட்டுக்காக. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு, பொலன்னறுவையிலிருந்து ஆண்ட சிங்கள அரசன், தமிழில் வெட்டவைத்த கட்டளை. வெளிநாட்டு வணிகர் ஊராத்துறையில் (இன்றைய ஊர்காவற்றுறை) வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புத் தர வேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசனுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்குக் கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. குதிரை ஏற்றிவந்தவனுக்கு மட்டும் சலுகை. போர்த்துக்கேயர் வருவதற்கு முந்நூறு ஆண்டுக்கு மேல் முன்பே இந்தக் கடலில் குதிரைகள் கப்பலில் வந்திருக்கின்றன, சில கப்பல்கள் உடைந்தும் இருக்கின்றன. நீந்திக் கரையேறிய குதிரை ஒன்றாவது இருந்திருக்காதா என்று கேட்கத் தோன்றியது. ஆதாரம் கிடையாது, எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவே.

பிற்பகலில் திரும்பி வந்தபோது கடை திறந்திருந்தது. தம்பி என்றதால் சின்னவரை எதிர்பார்த்தேன், தலை முழுக்க நரைத்தவர். பொட்டலத்தை வாங்கி முகர்ந்து பார்த்தார். பிரிக்கவில்லை, அப்படியே கல்லாப் பெட்டிக்கு மேல் வைத்தார். ஒரு சோடாவை உடைத்து என் முன்னால் தள்ளினார், காசு வாங்க மறுத்துவிட்டார். துறையில் இரண்டரைப் படகு நெடுந்தீவு சுற்றிப் பார்த்தவர்களை இறக்கிக்கொண்டிருந்தது, வெறுங்கையோடு, சிரித்துக்கொண்டு, தொப்பி போட்டு.

"எத்தினை நாள் நிண்டனீங்கள்?"

"மூணு ராத்திரி."

"அங்க மழை ஏதும் பெய்ததோ?"

"இல்லண்ணே. ஒரு சொட்டு கூட இல்ல."

தலையை ஆட்டிக்கொண்டு, தண்ணீர்க் கேன்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, படகுக்குப் போகிற சாமான்களோடு அடுக்க ஆரம்பித்தார்.